வயல் வரப்பில் ஒரு விருந்து

கென்யா நாட்டின் மேற்குப் பகுதியில் போய், "உங்கள் வயலுக்குப் பரம சத்துரு யார்?" என்று கேட்டால், ஊதாப் பூப் பூத்து நிற்கும் ஓர் அழகான செடியைக் காட்டுவார்கள். நம் சோளக்காடுகளில் முளைக்கும் சுடுமல்லிக்கு நெருங்கிய உறவு அது. மக்காச்சோளத்தின் வேரில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சிவிடும். மண்ணுக்கு மேலே அது தலை நீட்டுவதற்குள் பயிர் பாதி சோர்ந்து போயிருக்கும். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை சிந்தும். விதையோ பத்து வருஷம்கூட மண்ணில் உறங்கிக் கிடக்கும்.

போதாக்குறைக்குத் தண்டைக் குடையும் புழு வேறு! மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கிளறிச் செய்யும் 'உகாலி'தான் அங்கே அன்றாட உணவு. நம் களி மாதிரி. பயிர் போனால் அடுப்பில் பானை ஏறாது.

ஒரு ஏக்கர், அரை ஏக்கர் குடியானவர் மருந்துக்குப் பணத்துக்கு எங்கே போவார்? 1990-களில் நைரோபியிலுள்ள 'இசிபே' பூச்சி ஆராய்ச்சி நிலையமும், இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் நிலையமும் சேர்ந்து வேறோர் உபாயம் கண்டன.

மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற பயறு இனச் செடியை விதைக்கிறார்கள். அதன் வாடை அந்துப்பூச்சிக்கு ஆகாது. மிரண்டு ஓடும் பூச்சியை, வயலைச் சுற்றி நட்ட நேப்பியர் புல் தன் மணத்தால் விருந்துக்கு அழைக்கிறது. பூச்சி அங்கே முட்டையிடுகிறது. பொரித்த புழு தண்டைக் குடைந்தால், புல்லில் கசியும் பசையில் சிக்கிப் பெரும்பாலும் மடிகிறது. விருந்து வீட்டிலேயே சமாதி!

களையின் கதி இன்னும் வேடிக்கை. டெஸ்மோடியத்தின் வேரில் கசியும் சத்துக்கள் களை விதையை எழுப்பிவிடும்; ஆனால் பயிரின் வேரைப் பற்ற விடா. விழித்த விதை பட்டினியால் சாகும். இப்படிப் பருவத்துக்குப் பருவம் மண்ணிலுள்ள விதை குறைந்து வரும். டெஸ்மோடியம் மண்ணில் தழைச்சத்தையும் சேர்க்கும். புல்லும் செடியும் மாட்டுக்குத் தீவனம், வீட்டுக்குப் பால்.

கஷ்டமே இல்லையா என்றால், உண்டு. டெஸ்மோடியம் விதை மலிவல்ல. நினைத்த இடத்தில் கிடைப்பதுமில்லை. முதல் பருவத்தில் செடி மெதுவாகத்தான் வளரும். கண்ணும் கருத்துமாகக் களையெடுத்துக் காப்பாற்ற வேண்டும். பல குடும்பங்கள் தயங்குவது இந்த முதல் படியில்தான்.

ஏழைக் குடியானவருக்கு யோசனை சொல்லப் பலர் உண்டு. முதல் பிடி விதையைக் கையில் கொடுத்து, முதல் அறுவடை வரை கூட நிற்பவர்தான் உண்மையில் உதவி செய்தவர்.