குற்றாலம் கடைவீதியே அரிச்சுவடி! பெற்றோர் கவனிப்பார்களா?

குற்றாலத்தில் சீசன் பிறப்பது ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறப்பதும் அதே ஜூன் மாதம்!

சாரல் விழுந்துவிட்டால் கடைக்காரர்களுக்குக் கை ஓயாது. சிப்ஸ் வறுக்க வேண்டும். பழம் அடுக்க வேண்டும். வண்டி வண்டியாக வந்து இறங்கும் ஜனங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை இன்று என்ன படித்தது என்று கேட்க யாருக்கு நேரம்?

"அதான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியாச்சே, டீச்சர் பாத்துக்கிடுவாங்க" என்று சொல்லிவிடுகிறார்கள்.

இங்கேதான் சங்கதி கெட்டுப்போகிறது!

கிளிப்பிள்ளைப் பாடம்

பல வீடுகளில் பிள்ளை பாடத்தை மடமடவென்று ஒப்பிக்கிறது. பெற்றோருக்கு ஏகப் பெருமை. நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்னல?" என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கிறது. முதல் வரியிலிருந்து மறுபடியும் சொல்லிக்கொண்டே வந்துதான் அந்தச் சொல்லைப் பிடிக்கிறது.

இது வாசிப்பு அல்ல. வெறும் மனப்பாடம்!

இப்படிப்பட்ட பிள்ளை மூன்றாம் வகுப்பு வரை அகப்படாமல் தப்பித்து வந்துவிடும். அதற்கப்புறம் கணக்கு, அறிவியல், சமூகம் எல்லாமே வாசித்துப் புரிய வேண்டிய பாடங்கள். வண்டி அங்கே நின்றுவிடும். "இவனுக்குப் படிப்பு ஏறல" என்று பட்டம் கட்டிக் கடையில் உட்கார வைத்துவிடுவார்கள். குற்றம் பிள்ளை மேலா?

கிராமத்துப் பிள்ளைகளின் வாசிப்பைப் பார்க்கும் 'அசர்' ஆய்வில், பாடப்புத்தகத்தை நீட்டுவதில்லை. எழுத்து, சொல், சின்னப் பத்தி, சின்னக் கதை என்று தனித்தாளைக் காட்டி வாசிக்கச் சொல்கிறார்கள். ஒவ்வொரு தாயும் தகப்பனும் வீட்டிலேயே இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம்.

சர்க்கார் செய்தது என்ன?

விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்கு வாசிப்பு வரும் என்பது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில்தான் எழுத்து பிறந்தது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பாட்டும் வீதி நாடகமுமாகப் பெரியவர்களுக்கே எழுத்துச் சொல்லிக்கொடுத்தது. அட்டைகளை வைத்துக்கொண்டு பிள்ளையும் டீச்சரும் தரையில் உட்கார்ந்து படிக்கும் செயல்வழிக் கற்றல், சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007 வாக்கில் மாநிலம் முழுக்கப் பரவியது.

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில் சின்ன வகுப்புகள் திறந்தது 2021 நவம்பரில்தான். விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. 1 முதல் 3 வரை படிக்கும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, ஆட்டம், பாட்டு, பொம்மை என்று சொல்லிக்கொடுக்கும் திட்டம் இது. நல்ல காரியம்தான்.

ஆனால் பள்ளிக்கூட மணி அடித்த பிறகு என்ன நடக்கிறது? மிச்ச நேரமெல்லாம் பிள்ளை கடைவீதியில்தானே இருக்கிறது!

ஓசியில் ஒரு பாடப்புத்தகம்

குற்றாலம் கடைவீதியைப் போல ஒரு அரிச்சுவடி விலைக்குக் கிடைக்காது. திரும்பிய பக்கமெல்லாம் எழுத்து!

தமிழ் எழுத்து 247 என்று சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்த வேண்டாம். அதில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மிச்சம் 216-ம் உயிரும் மெய்யும் சேர்ந்து பிறந்தவை. சேர்க்கையைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் தானாக வந்துவிடும். பிள்ளைக்குத் தெரிந்த சொல்லிலிருந்து தொடங்கினால் போதும்.

'குற்றாலம்' போர்டைக் காட்டுங்கள். அதில் 'கு' எது? 'அருவி' போர்டைக் காட்டுங்கள். அதில் முதல் எழுத்தை விரலால் மறைத்துவிட்டு, அந்த இடத்தில் 'கு' போடச் சொல்லுங்கள். என்ன வருகிறது? குருவி!

அந்தச் சொல் எந்தப் போர்டிலும் இல்லை. யாரும் சொல்லித் தரவும் இல்லை. பிள்ளை தானே வாசித்துவிட்டது. மனப்பாடம் போய் வாசிப்பு வருகிற இடம் இதுதான்!

குத்தாலமா, குற்றாலமா?

"குத்தாலம்" என்றுதான் பிள்ளை சொல்லும். ஊரே அப்படித்தான் பேசுகிறது. அதற்காகத் தலையில் குட்டக் கூடாது. "வாய்க்குக் குத்தாலம், போர்டுக்குக் குற்றாலம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுக்கலாம். காத்து என்றால் காற்று, நேத்து என்றால் நேற்று என்று இன்னும் நாலு ஜோடி கண்டுபிடிக்கச் சொன்னால் அதுவே ஓர் ஆட்டம்!

பஸ் வருகிறது. "செங்கோட்டையா, தென்காசியா? முதல்ல சொல்றவங்களுக்கு ஒரு சிப்ஸ்!" இரண்டுக்கும் முன்னால் கொம்பு நிற்கிறது. கண்ணுக்குக் கொம்பு முன்னால். காதுக்கு அதன் சத்தம் பின்னால். சின்னப் பிள்ளைகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். தினம் நாலு பஸ் பார்த்தால் தடுமாற்றம் ஓடிப்போகும்.

தண்ணீரைத் தொட்டுச் சிமென்ட் தரையில் ஆச்சி ஒரு சொல் எழுதட்டும். காய்வதற்குள் பேரன் வாசிக்க வேண்டும். வெயில் அடித்தால் ஆட்டம் இன்னும் ஜோர்!

பாண்டி ஆடும் கட்டத்துக்குள் எழுத்தைப் போடலாம். பெட்டிக்கடையில் தொங்கும் மாலைப் பேப்பர் போஸ்டரின் கொட்டை எழுத்தில் 'க' எத்தனை என்று எண்ணச் சொல்லலாம். மலை, இலை, தலை, விலை என்று சொல் அடுக்கலாம். அப்பா வேண்டுமென்றே தப்பாக வாசித்து, பிள்ளை கண்டுபிடித்து, "எப்பா, தப்பு தப்பு!" என்று குதிக்கட்டும். அதைவிடப் பெரிய பரிசு கிடையாது.

பத்தே நிமிஷம் போதும். பிள்ளைக்கு அலுப்பு வருமுன் நிறுத்திவிட வேண்டும். அடி, திட்டு கூடவே கூடாது. பயந்த பிள்ளைக்குத் தெரிந்த எழுத்தும் மறந்துபோகும்.

பேரூராட்சி பார்க்குமா?

பெற்றோரை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லை. பெயர்ப் பலகைகளின் மேல் நோட்டீஸ் ஒட்டி மறைப்பதைப் பேரூராட்சி தடுக்க வேண்டும். அங்கன்வாடிச் சுவர்களில் படத்தோடு ஊர்ச் சொற்களைப் பெரிதாக எழுதி வைக்கலாம். அருவி, மலை, குரங்கு, மழை என்று பத்துச் சொல் எழுத ஒரு டப்பா பெயின்ட் போதாதா? கடைக்காரர்களும் தமிழ்ப் பெயரைப் பளிச்சென்று பெரிதாகப் போடலாம். வியாபாரத்துக்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது.

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடிய ஊர் இது. ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்த ஊர் இது. இங்கே ஒரு பிள்ளை, தன் சொந்த ஊர்ப் பெயரை வாசிக்கத் தெரியாமல் போர்டுக்குக் கீழேயே நிற்கலாமா?

சீசன் அடுத்த வருஷமும் வரும். ஒன்றாம் வகுப்பு வயசு திரும்பி வராது!