புகை போனால் போதுமா?

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா என்று மலர்க்குழு அண்ணன்கள் கேட்டார்கள். காதல், நட்பு, இளைஞர் சக்தி என்று எழுத ஏற்கெனவே ஒரு பெரிய வரிசை நிற்கிறது. ஆகவே நான் அடுப்பைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள்!

கொதிகலன் பாடம் நடந்த முதல் நாள் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. ஆசிரியர் 'சிம்னி' என்றார். எங்கள் லைன் வீட்டில் சிம்னி என்றால் கரண்ட் போனால் ஏற்றுகிற விளக்கு. 'டிராஃப்ட்' என்றார். எனக்குத் தெரிந்த ஒரே டிராஃப்ட், ஃபீஸ் கட்ட அப்பா பேங்க்கில் கால்கடுக்க நின்று எடுத்தது. 'கிரேட்' என்றார். யாரையோ பாராட்டுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன்! 'ஸ்டவ்' என்ற சொல்லே சின்ன வயசில் எனக்குக் குழப்பம்தான். எங்க அப்பாயி சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி (1964) இலங்கையிலிருந்து கப்பலேறி நீலகிரிக்கு வந்த குடும்பம். அது வீட்டு முன்திண்ணையை 'இஸ்தோப்பு' என்று சொல்லும். இங்கிலீஷ்காரன் ஸ்டவ் என்பதும் திண்ணையைத்தான் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். 'அப்படின்னா என்ன?' என்று வீட்டில் கேட்க ஆள் இல்லை. வகுப்பில் கேட்கக் கூச்சம். அப்புறம் படம் பார்த்துப் பார்த்துத்தான் புரிந்தது. கிரேட் என்பது நெருப்பு உட்காரும் இரும்புக் கம்பித் தட்டு. சாம்பல் கீழே உதிரும், காற்று கீழிருந்து ஏறும். ஃப்ளூ என்பது புகை ஏறும் குழாய். டேம்பர், அந்தக் குழாயைத் திறந்து மூடும் தகட்டுக் கதவு. டிராஃப்ட் என்பது, சூடான காற்று லேசாகி மேலே போக, அந்த இடத்துக்குப் புதுக்காற்று உள்ளே இழுக்கப்படுவது. அட, இவ்வளவுதானா! 'விறகை அடைச்சு வைக்காதடா, காத்து போக வழி விடு' என்று அம்மா தினம் கத்துமே, அதேதான். என் தாய்க்கு டிராஃப்ட் தெரிந்திருக்கிறது, பெயர்தான் தெரியவில்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். உயிரே இருக்கிறது என்பது என் கட்சி.

மலையில் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் உறைபனி விழும். வெள்ளைக்காரன் கட்டிய பங்களாக்களில் சுவரிலேயே கணப்பு அடுப்பு வைத்திருக்கிறான். அதற்கு மேலே புகைக்கூண்டு. பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் உண்மையில் அது பெரிய ஊதாரி. வெப்பத்தில் பெரும்பங்கு கூண்டு வழியாக வானத்துக்கே போய்விடும். அந்தக் கூண்டின் தொண்டையைக் குறுக்கச் சொல்லி 1796-லேயே ரம்ஃபோர்டு என்ற விஞ்ஞானி கட்டுரை எழுதினார். அதற்கும் முன்னால் அமெரிக்காவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் நெருப்பை இரும்புக்குள் அடக்க ஓர் அடுப்பு செய்தார். குளிர் தேசத்தில் ஸ்டவ் என்றால் சமைப்பது மட்டும் இல்லை, வீட்டைச் சூடாக்கும் இரும்புப் பெட்டிக்கும் அதுதான் பெயர். ஊதாரியானாலும் பங்களா அடுப்பு ஒரு நல்ல காரியம் செய்கிறது: நெருப்பிலிருந்து வருகிற அத்தனையையும் வெளியே கொண்டுபோய் விடுகிறது.

எங்கள் லைனில் கூண்டு கிடையாது. முன்பெல்லாம் விறகடுப்புப் பக்கத்திலேயே சுருண்டு படுப்போம். கண் எரியும், இருமல் வரும், ஆனால் புகை தாங்காமல் யாராவது எழுந்து கதவைத் திறந்துவிடுவார்கள். பிறகு கேஸ் அடுப்பு வந்தது. நல்லதுதான், அம்மாவின் இருமல் பாதி குறைந்தது. ஆனால் சமையல் நெருப்பு போனதோடு வீட்டுச் சூடும் போய்விட்டது. அதைப் பற்றி எந்தத் திட்டமும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஆகவே இரும்புச் சட்டியில் கரியைக் கொட்டி, தணலாக்கி, ரூமுக்குள் வைத்துக் கதவு ஜன்னலை மூடிப் படுக்கிற பழக்கம் வந்தது.

நான் பத்தாவது படித்த வருஷம், ஒரு டிசம்பர் காலை. பக்கத்து வீட்டில் என் அத்தையும் அதன் மகளும் கூப்பிடக் கூப்பிட எழுந்திருக்கவில்லை. சித்தப்பா கதவை நெம்பித் திறந்தார். அந்தப் பிள்ளை வாந்தி எடுத்துக் கிடந்தது. அத்தைக்கு ஆள் அடையாளமே தெரியவில்லை. தூக்கி வந்து இஸ்தோப்பில் போட்டோம். குளிர்காற்று பட்டுக் கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. 'அமுக்குவான் பேய்தான்' என்றது அப்பாயி. மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். சட்டியை யாரும் சந்தேகப்படவில்லை. மறுநாள் ராத்திரியும் அதே சட்டியில் தணல்! நெம்பியதில் தாழ்ப்பாள் கெட்டு, கதவு ஒருச்சாய்ந்தே நின்றது. அந்த உடைந்த தாழ்ப்பாளால்தான் அத்தை இன்றைக்கு இருக்கிறது என்பேன்.

இரண்டாம் ஆண்டில் எரிதல் பாடம் எழுதும்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. காற்று போதாத இடத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில், அதைவிட 200 மடங்குக்கும் மேல் பிடிப்போடு போய் இது உட்கார்ந்துகொள்ளும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தமே கடற்கரையைப்போல முக்கால் பங்குதான்! கரி மேல் நீலமாக ஒரு சின்ன ஜுவாலை ஓடுமே, அது இந்த வாயு எரிவதுதான். அந்த நீலம் அடங்கி, தணல் சிவப்பாக, அழகாக, 'சுத்தமாக' ஆனபிறகும் வாயு வந்துகொண்டுதான் இருக்கும். நாம் சட்டியை உள்ளே தூக்கி வருவது சரியாக அந்த நேரத்தில்.

இதை அத்தையிடம் சொன்னேன். 'புகையே இல்லையேப்பா! விறகுன்னா கண்ணு எரியும். கரியில என்ன இருக்கு?' என்று கேட்டது. தோழர்களே, இதுதான் விஷயம். நம் பேச்சில் நெருப்பின் ஆபத்துக்கு ஒரே பெயர், புகை. கண்ணுக்குத் தெரியாததற்குப் பெயர் இல்லை. பத்திரிகைகளாவது சொல்கின்றனவா? மலைப்பக்கத்தில் இப்படி யாராவது செத்தால் 'மூச்சுத் திணறி பலி' என்று போடுகிறார்கள். இதில் மூச்சு திணறாது, ஐயா! தலை வலிக்கும், கிறுகிறுக்கும், குமட்டும், தூக்கம் வரும். திணறினால் எழுந்திருக்கலாம் என்று நம்பிப் படுக்கிறவன் எழுந்திருக்கவே மாட்டான்.

ஒரு சீனியர் அண்ணன் கேட்டார்: 'இன்டர்வியூல டேம்பரைத் தகட்டுக் கதவுன்னு சொன்னா வேலை குடுப்பானாடா?' கொடுக்க மாட்டான். நானும் பரீட்சையில் இங்கிலீஷில்தான் எழுதுகிறேன், எழுதுவேன். அங்கே சொல்லுங்கள், வேண்டாம் என்கவில்லை. ஆனால் படித்ததை வீட்டு வாசலுக்கு வெளியே செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறோமே, அது என்ன படிப்பு? கலைச்சொல் என்றதும் அகராதியில் புகுந்து யாருக்கும் புரியாத செந்தமிழ் செய்வதும் எனக்கு உடன்பாடில்லை. 'கரி வாயு' என்று அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன், கேஸ் சிலிண்டர் என்று நினைத்துக்கொண்டது. 'தணல் நஞ்சு' என்றேன். 'தணல்ல எப்படிடா நஞ்சு?' என்று திருப்பிக் கேட்டது. அந்தக் கேள்விக்காகவே அந்தச் சொல் போதும் என்று தோன்றுகிறது.

நம் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். போன முகாமில் நட்ட செடிகளில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று நான் கேட்கப் போவதில்லை. இந்த டிசம்பரில் நூறு பேர் லைன் லைனாகப் போவோம். தணல் சட்டியைக் காட்டியே பேசுவோம். காட்டேஜ்களில் வெளியூர்க்காரர்களுக்கு இதே சட்டியை 'ஹீட்டர்' என்று உள்ளே வைத்துக் கொடுப்பவர்களையும் பார்ப்போம். பெயர் மாறினால் வாயு மாறாது என்று சொல்வோம்.

எங்கள் அத்தை இப்போது சட்டியை இஸ்தோப்பிலேயே வைக்கிறது. எல்லாரும் சுற்றி உட்கார்ந்து குளிர் காய்வோம், படுக்கப் போகும்போது சட்டி வெளியிலேயே இருக்கும். ஆனால் முணுமுணுப்பு நின்றபாடில்லை. 'சட்டியத்தான் புடுங்கிட்ட. படிச்சு முடிச்சு மொத சம்பளத்துல எனக்கு நல்ல கம்பளியா ஒண்ணு வாங்கிக் குடுத்துரு' என்கிறது.