எந்த மாநிலக் கணக்கிலும் வராத பலராம்

கால்பந்து வீரர் துளசிதாஸ் பலராம் 2023 பிப்ரவரி 16 அன்று கொல்கத்தாவில் காலமானார். எங்கள் ஊருக்கு வரும் நாளிதழ், விளையாட்டுப் பக்கத்தின் அடியில் அவருக்கு நாலு வரி கொடுத்திருந்தது. ஒலிம்பிக்கில் ஆடியவர், ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தவர் என்ற அளவில் செய்தி முடிந்துவிட்டது. அவர் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை என்பது அதில் இல்லை. அவரைப் பெற்றவள் பெயர் முத்தம்மா என்பதும் இல்லை. காலம் கடந்தாவது ஒரு தமிழ்ச் சிற்றிதழ் அவருக்காகத் தலையங்கம் எழுதவேண்டும். ஆந்திர எல்லையில் இருந்து இதழ் நடத்துகிற எங்களைவிட அதற்கு உரிமையுள்ளவர்கள் யார்?

விஜயபுரம், நகரி, புத்தூர் பக்கம் 1950களில் பிறந்த பிள்ளைகளுக்குக் கால்பந்து, ஏரி வற்றிய பிறகு வருகிற ஆட்டம். பந்து என்று பெரும்பாலும் பள்ளிக்கூடத்துப் பழைய வாலிபால்தான் இருக்கும். உள்ளே பிளாடர் கிழிந்தால் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டி, மேல்தோலைச் சணல் நூலால் தைத்து மறுபடி உதைப்போம். வெலிங்டனில் மதராஸ் ரெஜிமென்டில் இருந்த என் தாய்மாமா லீவில் வந்தால் கரையில் உட்கார்ந்து எங்கள் ஆட்டத்தைப் பார்ப்பார். பீட்டர் தங்கராஜ், பலராம் என்று இரண்டு பெயர்கள் அவர் வாயில் ஓயாமல் வரும். தங்கராஜ் அவர் ரெஜிமென்ட்டுக்காரர், மாமா அவரை நேரில் பார்த்திருக்கிறார். பலராமைப் பேப்பரில் படித்ததுதான். “ரெண்டு பேரும் சிகந்தராபாத்துடா. வீட்ல தமிழ்தான். நம்மள மாதிரி” என்பார்.

பள்ளியில் தெலுங்கும் வீட்டில் தமிழுமாக, இங்கே இருந்தால் ‘அரவம்’ (தமிழன்), சென்னைக்குப் போனால் ‘ஆந்திராக்காரன்’ என்று அழைக்கப்பட்ட பையன்களுக்கு அந்த ‘நம்மள மாதிரி’ எவ்வளவு தெம்பு கொடுத்தது என்பதை இன்றைக்கு விளக்குவது கஷ்டம். எங்களோடு ஆடிய தெலுங்குப் பையன்களும் பலராமை ‘மனவாடு’ (நம்மாள்) என்றே சொன்னார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான். அதற்காக எங்களுக்குள் ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

சிகந்தராபாத் தமிழர்களின் கதை பட்டாளத்தோடு தொடங்குவது. பிரிட்டிஷாரின் மதராஸ் படை அங்கே கண்டோன்மென்ட் போட்டபோது அதன் பின்னாலேயே சிப்பாய்களாக, ஒப்பந்தக்காரர்களாக, கூலிகளாகப் போனவர்களின் வம்சம் அது. அந்தக் கண்டோன்மென்டை ஒட்டிய அம்முகூடாவில் 1936-இல் பலராம் பிறந்தார். ஏழைக் குடும்பம். அவர் ஆட்டத்தைப் பார்த்து ஹைதராபாத்துக்குப் பயிற்சிக்கு வரச் சொன்னவர் பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம். அவ்வளவு தூரம் தினமும் வந்துபோகக் காசில்லை என்று பையன் சொல்ல, வாடகை சைக்கிளுக்கான பணத்தை ரஹீமே கொடுத்திருக்கிறார். வாடகை சைக்கிள் எங்கள் தலைமுறைக்குத் தெரியும். கடைக்காரர் நோட்டில் பெயரும் எடுத்த நேரமும் எழுதிக்கொண்டு கொடுப்பார். திரும்ப வருகிறவரை மனசு கடிகாரத்திலேயே இருக்கும். அப்படி மிதித்துப் போய்க் கற்ற ஆட்டம்தான் மெல்போர்ன் வரை போனது.

1956 நவம்பர் 1-ஆம் தேதி ஆந்திரப் பிரதேசம் உருவானது. அதுவரை வேறு வேறு ராஜ்ஜியங்களில் இருந்த எங்கள் சித்தூரும் சிகந்தராபாத்தும் அன்றுமுதல் ஒரே மாநிலம். அதே மாதம் தொடங்கிய மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ரஹீமின் இந்திய அணி ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று, கடைசியில் நான்காம் இடம் பிடித்தது. பலராமும் தங்கராஜும் அந்த அணியில் இருந்தார்கள். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி எல்லை மாறி, திருத்தணி சென்னை ராஜ்ஜியத்துக்குப் போனது. நாங்கள் இந்தப் பக்கமே நின்றுவிட்டோம். அந்த ஆகஸ்டில் ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரியிடம் இந்தியா 1-2 என்று தோற்றது. அந்த ஒரு கோல் பலராம் அடித்தது. ஹங்கேரி அந்த ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய அணி. அடுத்து பிரான்சோடு 1-1 என்று சமன். அதற்குப் பிறகு இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்குக்குப் போனதே இல்லை.

ஜகார்த்தாவை மாமா சொல்லித்தான் நாங்கள் பார்த்தோம். 1962 ஆசிய விளையாட்டுக்கு இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்க்கவில்லை. அதை இந்தியாவைச் சேர்ந்த ஜி.டி. சோந்தி எதிர்த்தார். அதனால் இந்தோனேசியர்களுக்கு வந்த கோபம் முழுக்க இந்திய அணியின் தலையில் விடிந்தது. செப்டம்பர் 4-ஆம் தேதி இறுதி ஆட்டம், எதிரில் தென்கொரியா. ஏறக்குறைய லட்சம் பேர் கூச்சல் போட்டு ஏளனம் செய்ய நம் ஆட்கள் களமிறங்கினார்கள். முதல் சுற்றில் இதே கொரியாவிடம் 0-2 என்று தோற்றிருந்தார்கள். ஜர்னைல் சிங் தலையில் தையல். தடுப்பாட்டக்காரரான அவரை ரஹீம் முன்வரிசையில் நிறுத்தினார். காய்ச்சலில் படுத்திருந்த தங்கராஜ் எழுந்துவந்து கோல் காத்தார். ஜப்பானோடு கோல் அடித்திருந்த பலராம் இடது பக்கம். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று, 2-1. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவின் கடைசித் தங்கம் அது. அந்தப் பதினொரு பேரில் இரண்டு பேர் சிகந்தராபாத் தமிழர்கள். இதை மாமா சொன்ன மறுநாள் ஏரியில் யார் பலராம், யார் தங்கராஜ் என்பதற்கே பாதிப் பொழுது போய்விட்டது.

ரஹீம் 1963-இல் இறந்தார். அதே ஆண்டு நுரையீரல் நோயால் பலராமின் ஆட்டமும் முடிந்தது. அப்போது அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. பி.கே., சுனி கோஸ்வாமி, பலராம் மூவரையும் மும்மூர்த்திகளாகக் கொண்டாடிய காலம் அது. சுனிக்கு 1983-இல் பத்மஸ்ரீ, பி.கே.வுக்கு 1990-இல். பலராமுக்கு 1962-இல் அர்ஜுனா கிடைத்தது. பத்மஸ்ரீ சாகும்வரை வரவில்லை. கல்யாணம் செய்துகொள்ளாமல் ஹூக்ளிக் கரையில் உத்தர்பாராவில் தனியாக வாழ்ந்தார். தாம் தலைமை தாங்கி 1961-இல் கொல்கத்தா லீக்கை வென்று கொடுத்த ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்குத் தம் உடலைக்கூடக் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தார் என்றன செய்திகள். எவ்வளவு காயம் பட்டிருந்தால் ஒரு மனிதன் அப்படிச் சொல்வான்!

தங்கராஜின் சாவு இன்னும் பரிதாபம். 1958-இல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று பெயர் வாங்கியவர் 2008 நவம்பர் 24 அன்று பொகாரோவில் இறந்தார். இரண்டாம் நாள் மும்பைத் தாக்குதல். அதன்பின் அவரைப் பற்றிப் பேச எந்தப் பத்திரிகையில் இடமிருந்தது? ரஹீமைப் பற்றிய ‘மைதான்’ இந்திப் படம் 2024 ஏப்ரலில் வந்தபோது எங்கள் வீட்டுப் பிள்ளைகள், “தங்கராஜ்னு ஒருத்தர் நிஜமாவே இருந்தாரா தாத்தா?” என்று கேட்டார்கள். பலராம் இருந்திருந்தால் தம்மைத் திரையில் பார்த்திருப்பார். பதினான்கு மாதம் முந்திப் போய்விட்டார்.

நம் நாட்டில் விளையாட்டு வீரரை நினைவில் வைத்திருக்கும் வேலை மாநிலங்களிடம் இருக்கிறது. விருதுக்குப் பரிந்துரை, வீட்டுமனை, சிலை, பாடநூலில் ஒரு பத்தி எல்லாம் அந்த வழியில்தான் வருகின்றன. பலராமுக்கு அந்த வழி எங்கேயும் திறக்கவில்லை. வங்கத்துக்கு அவர் ஹைதராபாத்திலிருந்து வந்தவர், ஹைதராபாத்துக்கு 1957-லேயே வங்கம் போனவர். தமிழ்நாடு அவரைத் தன்னவர் என்று எண்ணிப் பார்க்கவே இல்லை. 2014-இல் தெலங்கானா பிரிந்தபோது எங்களோடு இருந்த மாநில உறவும் அறுந்தது. ஆனால் தமிழ் பேசும் வீட்டிலிருந்து வேற்று மொழி மண்ணில் வேலைக்கும் விளையாட்டுக்கும் போகிற பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் மிஞ்சியிருக்கும் தமிழ்வழிப் பள்ளிகளில் படிப்பவர்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவர்கள்தாம். பலராமை அவர்களுக்குச் சொல்லவேண்டியது எங்கள் பொறுப்பு. அரசாங்கம் செய்யும் என்று காத்திருக்கப் போவதில்லை.

இந்த ஆண்டு முதல் இப்பகுதித் தமிழ்வழிப் பள்ளிகளுக்குத் தலா ஒரு கால்பந்தும், பலராம், தங்கராஜ் இருவரைப் பற்றிய சிறு வெளியீடும் இதழின் செலவில் கொடுக்க முடிவு செய்திருக்கிறோம். அந்த வெளியீட்டுக்கு ஆள் தேவை, படம் தேவை. சிகந்தராபாத்தில் உறவு உள்ளவர்கள், ரெஜிமென்டிலும் ரயில்வேயிலும் வேலை பார்த்தவர்கள், அவர்கள் ஆடியதை நேரில் பார்த்த பெரியவர்கள் எழுதுங்கள். பழைய டீம் போட்டோ இருந்தால் அனுப்புங்கள். பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பி அனுப்புவோம். எழுதக் கை நடுங்கினால் சொல்லி அனுப்புங்கள், வீட்டுக்கே வந்து கேட்டு எழுதிக்கொள்கிறோம்.