கம்பத்தைச் சுற்றும் பந்து

அமெரிக்கப் பள்ளி மைதானங்களில் 'டெதர்பால்' என்றொரு விளையாட்டு உண்டு. சுமார் 10 அடி உயரக் கம்பத்தின் உச்சியில் ஒரு கயிறு; அதன் நுனியில் பந்து. இருவர் எதிரெதிரே நின்று பந்தை ஆளுக்கொரு திசையில் தட்டுவார்கள். கயிறு முழுவதையும் தன் திசையில் கம்பத்தில் சுற்றிவிடுபவருக்கே வெற்றி. வீட்டில் அமைப்பவர்கள் பழைய டயரின் நடுவே இரும்புக் குழாயை நிறுத்தி, சிமெண்டுக் கலவையைக் கொட்டி இறுக விடுவதுண்டு.

கயிறு சுற்றச் சுற்றப் பந்து விர்ரென்று சுழலும். ஏன்? "கோண உந்தம் மாறாது, ஆரம் குறைந்தால் வேகம் கூடும்" என்று பலரும் விடை சொல்வார்கள். வகுப்பில் நானும் பல ஆண்டுகள் அப்படியே சொல்லி வந்தேன். ஒரு நாள் கடைசி பெஞ்சு மாணவன் ஒருவன் எழுந்தான். "வேகம் கூடினால் இயக்க ஆற்றலும் கூடுமே, சார்! அதை யார் கொடுத்தார்கள்?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கயிற்றின் நீளம் 1 மீட்டர். பந்தின் வேகம் விநாடிக்கு 4 மீட்டர் என்க. கயிறு 25 சென்டிமீட்டராகக் குறையும்போது கோண உந்தம் மாறவில்லையானால், வேகம் 16 மீட்டராக வேண்டும். அப்படியானால் இயக்க ஆற்றல் 16 மடங்கு! யாரும் தட்டாத பந்துக்கு இது எங்கிருந்து வரும்? கம்பம் அசையாமல் நிற்கிறது. அது வேலை ஏதும் செய்வதில்லை. கயிற்றின் இழுவிசையோ பந்தின் இயக்கத்திற்குச் செங்குத்தாக இருக்கிறது. எனவே காற்றின் தடையையும் புவியீர்ப்பையும் ஒதுக்கிவிட்டால், வேகம் அதே 4 மீட்டர்தான். பாதை கால் பங்காகச் சுருங்குவதால், ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 1.57 விநாடியிலிருந்து 0.39 விநாடியாகக் குறைகிறது. அவ்வளவே.

கோண உந்தம் என்னவாயிற்று? கம்பத்திற்குப் பருமன் உண்டல்லவா? கயிறு அதன் மையத்தை நோக்கி இழுக்காமல் விளிம்பைத் தொட்டபடி இழுக்கிறது. அதனால் எழும் திருப்புவிசை பந்தின் கோண உந்தத்தைக் குறைக்கிறது. குறைந்தது கம்பத்தின் வழியே பூமிக்குப் போய்ச் சேர்கிறது.

நான் சொல்கிறேன் என்பதற்காக இதையும் நம்பிவிடாதீர்கள். ஒரு நூலில் அழிரப்பரைக் கட்டி, நட்டு வைத்த குச்சியைச் சுற்ற விடுங்கள். பிறகு அதே நூலைக் காலிப் பேனாக் குழாயில் நுழைத்து, ரப்பரைத் தலைக்கு மேல் சுழற்றியபடி கீழிருந்து நூலை இழுங்கள். இழுக்க இழுக்கக் கை கனக்கும். இங்கே உங்கள் கை வேலை செய்கிறது. ஆகையால் வேகம் உண்மையாகவே கூடுகிறது. கோண உந்த விதி பொருந்தும் இடம் இதுதான்.

விதியில் பிழையில்லை, அதைப் பொருத்திய இடத்தில்தான் பிழை. மனப்பாடம் செய்த விடைக்கு மதிப்பெண் கிடைக்கலாம். ஆனால் "ஆற்றல் எங்கிருந்து வந்தது?" என்று கேட்கும் மாணவனை, அதிகப்பிரசங்கி என்று நாம் உட்கார வைக்கக் கூடாது. விளையாடும் பிள்ளையைப் 'படிக்கவில்லை' என்று வீட்டிற்குள் இழுக்கவும் கூடாது. அந்த மாணவனுக்கு மறுநாள்தான் நான் பதில் சொன்னேன், பழைய விடை தவறு என்று கரும்பலகையில் எழுதிவிட்டு.