22 பைக்கோஃபாரட் என்னும் மந்திரம்

பொறியியல் கல்லூரிகளின் இறுதியாண்டுச் செயல்திட்ட அறிக்கைகளைப் புரட்டினால், மைக்ரோகண்ட்ரோலர் சுற்றுப்படத்தில் படிகத்தின் இருபுறமும் 22 பைக்கோஃபாரட் மின்தேக்கிகள் இரண்டு துவாரபாலகர்களைப் போல நிற்கும். எந்தப் படிகம்? அறிக்கையில் இராது. ஏன் 22? ‘எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள்.’ ஆய்வகத்தில் ஒலிக்கத் தகாத விடை இது.

பிழையின் வேர் ஒரு சொல்லில் இருக்கிறது. படிகத்தின் தரவுத்தாள் கூறுவது சுமை மின்தேக்குத்திறன். பலகையில் பற்றவைப்பது சுமை மின்தேக்கி. முன்னது நிபந்தனை: படிகத்தின் இரு முனைகளுக்கிடையே இவ்வளவு மின்தேக்குத்திறன் அமைந்தால்தான் அது குறித்த அதிர்வெண்ணில் அதிரும். பின்னது வெறும் உறுப்பு. தமிழ் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. வகுப்பறையின் ‘லோட் கேப்’ இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. சொல் மங்கிய இடத்தில் கணக்கும் மங்கியது.

கணக்கோ எளிது. படிகத்தின் பார்வையில் இரு மின்தேக்கிகளும் தொடரிணைப்பில் உள்ளன; ஆகவே இரண்டு 22 சேர்ந்து 11 ஆகும். பலகைத் தடங்களும் சில்லின் முனைகளும் தரும் உதிரி மின்தேக்குத்திறன் 5 எனக் கொண்டால் மொத்தம் 16. படிகம் 20 கேட்டால் ஒவ்வொன்றும் 30 ஆக வேண்டும், 12.5 கேட்டால் 15. 8 கேட்டால் வெறும் 6. மூன்றுக்கும் 22 என்பது மூன்று நோய்க்கும் ஒரே கஷாயம்.

22 எங்கிருந்து வந்தது? 8051 குடும்பத்து ஏடி89எஸ்52 தரவுத்தாள், படிகத்துக்கு 30 பைக்கோஃபாரட், 10 கூடலாம் குறையலாம் என்கிறது. ஏடிமெகா328 தரவுத்தாள் 12 முதல் 22 வரை என்கிறது. இரண்டு வரம்புக்குள்ளும் 22 அடங்குகிறது. பரிந்துரை வரம்பு தலைமுறை தாண்டி விதியாக உறைந்துபோனது.

‘ஆனால் வேலை செய்கிறதே’ என்பார்கள். செய்யும். தொடர்வரிசைத் தகவல்தொடர்பு ஏறத்தாழ 2 விழுக்காடு பிழையைப் பொறுத்துக்கொள்ளும். படிகத்தின் விலகலோ பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு. அந்தச் சோதனையில் தேறுவது எதற்கும் சான்றாகாது. 12.5 கேட்கும் 32.768 கிலோஹெர்ட்ஸ் கடிகாரப் படிகத்துக்கு அதே 22ஐப் போட்டால் கடிகாரம் பின்தங்கும். பத்து லட்சத்தில் 20 பங்கு பின்தங்கினால் மாதத்துக்கு ஏறத்தாழ 50 நொடி, ஆண்டுக்குப் பத்து நிமிடம். பல இடங்களில் வைத்த மழைமானிகளின் பதிவுகளை ஒப்பிடும் ஆய்வில் அந்தப் பத்து நிமிடம் தரவையே பொய்யாக்கும். மாணவர் நிரலில் பிழை தேடிக்கொண்டிருப்பார்.

மறுபக்கமும் உண்டு. மின்தேக்கியைப் பெரிதாக்கப் பெரிதாக்க அலையியற்றியின் எதிர்மின்தடை குறைகிறது. இரண்டையும் 22இலிருந்து 33 ஆக்கினால் அது ஏறத்தாழப் பாதியாகச் சரியும். அது படிகத்தின் உள்மின்தடையைப் போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. குறைந்தால், மேசையில் ஓடிய பலகை களத்தில் துடிக்காமலே கிடக்கும்.

ஆகவே வாய்மொழித் தேர்வில் ஒரே கேள்வி போதும்: இந்த மதிப்பு எந்தத் தரவுத்தாளின் எந்த வரியிலிருந்து வந்தது? அதைக் கேட்கத் தவறும் தேர்வாளர் மின்னணுவியலைச் சோதிக்கவில்லை. மனப்பாடத்துக்கு மதிப்பெண் வழங்குகிறார்.