ஒரே ஒரு டிஸ்க், அதற்கு ஒரு ரெய்டு

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் விடை கொடுத்துவிட்டது. 2025 அக்டோபர் 14-க்குப் பிறகு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. தனியாகப் பதிந்துகொண்டவர்களுக்கு மட்டும் இன்னும் ஓராண்டு வாய்தா. சரி, விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று கேட்கிறது. இன்டெல் சில்லு என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ மடிக்கணினிகளை ஒரே நாளில் கிழடு என்று அறிவித்துவிட்டார்கள். இதைப் பற்றிக் காரசாரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கீழ்த்தளத்து டீச்சர் வந்து கெடுத்துவிட்டார்.

"பதினாலாம் தேதியோட நிறுத்திட்டாங்கபோல தம்பி. ஆன் பண்ணா நீலமா வந்து அழுவுது."

டீச்சர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. பல மாதமாகப் பீரோவில் கிடந்த மடிக்கணினியை, செய்தியைப் பார்த்துவிட்டு எடுத்துச் சார்ஜ் போட்டிருக்கிறார். அழுகிற முகத்தோடு நீலத் திரை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். அங்கிருந்த பையன் திரையைப் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டான்: "ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு மேடம். புதுசு போட்டு ஃபார்மட் அடிச்சுத் தந்துடறேன்."

மைக்ரோசாஃப்டைத் திட்ட எனக்கு நூறு காரணம் உண்டு, இது அதில் சேராது. ஆதரவு முடிந்தாலும் விண்டோஸ் பாட்டுக்கு ஓடும். அழுகிற முகத்துக்கு அடியில் பொடி எழுத்தில் 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று இருந்தது. எக்ஸ்பி காலத்தில் 7பி என்ற எண்ணை வைத்தே மெக்கானிக்குகள் இதை அடையாளம் கண்டுகொள்வார்கள். விண்டோஸ் பாதி எழுந்துவிட்டது, எழுந்த பிறகு தான் குடியிருக்கும் டிஸ்கையே அதனால் தொட முடியவில்லை என்று அர்த்தம். டிஸ்க் செத்தே போயிருந்தால் அந்த நீலத் திரை எங்கிருந்து வரும்? அதைக் காட்டுகிற நிரலும் அதே டிஸ்கிலிருந்துதானே படிக்கப்பட்டிருக்கிறது!

கணினியின் அடிப்படை செட்டிங்குகள் இருக்கும் பயாஸுக்குள் போய்ப் பார்த்தோம். டிஸ்கின் பெயரும் கொள்ளளவும் பளிச்சென்று இருந்தன. தேதி மட்டும் 2012 ஜனவரி 1. டீச்சருக்குச் சிரிப்பு வந்தது, எனக்குத் துப்புக் கிடைத்தது. மதர்போர்டில் சிஆர்2032 என்று ஒரு சின்னக் காயின் செல் இருக்கும், 3 வோல்ட். கடிகாரத்தையும் பயாஸின் செட்டிங்குகளையும் அதுதான் காப்பாற்றுகிறது. பீரோவில் கிடந்த காலத்தில் பெரிய பேட்டரி வற்றிப்போக, ஏற்கனவே செத்திருந்த சின்னதாலும் பிடித்துவைக்க முடியாமல் எல்லாமே கம்பெனி வைத்தபடிக்குத் திரும்பிவிட்டது. தேதி திரும்பினால் பரவாயில்லை. டிஸ்கோடு எந்த முறையில் பேசுவது என்று சொல்லும் 'சாட்டா மோட்' என்ற வரியும் திரும்பிவிட்டது. முன்பு யாரோ விண்டோஸ் போட்டபோது ஏஎச்சிஐ என்று வைத்திருக்க வேண்டும், இப்போது ரெய்டு என்று நின்றது. மாற்றி, சேமித்து, என்டர். டீச்சரின் பேரன் வால்பேப்பரில் சிரித்தான்.

நடந்தது இவ்வளவுதான். விண்டோஸ் தன்னை நிறுவும்போது டிஸ்கின் கன்ட்ரோலர் எந்த முறையில் இருக்கிறது என்று பார்த்து, அதற்கான டிரைவரை மட்டும் தொடக்கத்திலேயே ஏற்றிக்கொள்கிறது. மற்றவற்றை ஓரமாக வைத்துவிடுகிறது. மறுநாள் அதே கன்ட்ரோலர் வேறு பெயர் சொல்லிக்கொண்டு வந்து நின்றால் அதற்கு ஆளைத் தெரியாது. டிஸ்கில் ஒரு பைட்கூடக் கெடவில்லை.

இதற்குத்தான் அந்தப் பையன் ஃபார்மட் என்றான். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அந்தச் சொல்லோடு எனக்குள்ள பகை தெரியும். சென்ற முறை எழுதியபோது கடைக்காரர்கள் சிலர் கோபித்துக்கொண்டார்கள். கோபித்துக்கொள்ளட்டும். தலைவலி என்று போனவனிடம் தலையை எடுத்துவிடலாம் என்று சொல்கிற வைத்தியம் இது. டீச்சரின் கணவருடைய பென்ஷன் தாள்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், மகளின் கல்யாணப் படங்கள் எல்லாம் அந்த டிஸ்கில் மட்டும்தான் இருக்கின்றன. வேறு பிரதி கிடையாது. பயாஸைத் திறந்து பார்க்கச் சோம்பல்பட்ட ஒருவனால் ஒரு குடும்பத்தின் ஆவணம் மொத்தமும் போயிருக்கும், அதற்குக் கூலியும் கொடுத்திருப்பார்கள்.

ஆனால் பையனை மட்டும் திட்டிவிட்டுப் போக மனமில்லை. அப்படியொரு சுவிட்சை அங்கே வைத்தது யார்? இங்கேதான் எனக்குப் பிடித்த புத்தகம் வருகிறது. டிரேசி கிடரின் 'தி சோல் ஆஃப் எ நியூ மெஷின்'. எதற்கெடுத்தாலும் அதை இழுக்கிறேன் என்று ஆசிரியர் குழுவில் என்மேல் ஒரு புகார் உண்டு. இந்த முறை நான் இழுக்கவில்லை, அதுவாகவே வந்தது.

1981-ல் வந்த புத்தகம், மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. மாசசூசெட்ஸில் டேட்டா ஜெனரல் என்றொரு கணினி நிறுவனம். போட்டியாளரான டெக் 1977-ல் வாக்ஸ் என்ற 32-பிட் எந்திரத்தைக் கொண்டுவந்துவிட்டது, இவர்களிடம் இருந்ததோ 16-பிட் எக்ளிப்ஸ். பெரிய பட்ஜெட்டும் பெருமையும் வட கரோலினாவில் இருந்த இன்னொரு குழுவுக்குப் போய்விட, டாம் வெஸ்ட் என்பவர் தலைமை அலுவலகத்தின் அடித்தளத்தில் கல்லூரி முடித்து வந்த இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு போட்டி எந்திரம் ஒன்றைக் கட்டுகிறார். ஓரிடத்தில் ஒரு வாக்ஸ் எந்திரத்தைத் திறக்க வாய்ப்புக் கிடைக்கிறது. வெஸ்ட் அதன் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துவிட்டு, அந்தக் கம்பெனியின் நிர்வாக அமைப்பே உள்ளே தெரிகிறது என்று நினைத்துக்கொள்கிறார். அந்தப் பக்கத்துக்காகவே புத்தகத்தை வாங்கலாம்.

கதையின் முடிச்சு ஒரு நிபந்தனை. நிறுவனத் தலைவர் எட்சன் டி காஸ்ட்ரோ சொல்லிவிடுகிறார்: மோட் பிட் கூடாது. பழைய நிரல்களும் ஓட வேண்டும், புதியவையும் ஓட வேண்டும். இதற்குப் பொறியாளருக்கு எளிய வழி, எந்திரத்துக்குள் ஒரே ஒரு பிட்டை வைத்துவிடுவது. இந்தப் பக்கம் தட்டினால் பழைய எந்திரம், அந்தப் பக்கம் தட்டினால் புதியது. வாக்ஸில்கூட டெக்கின் பழைய பிடிபி-11 எந்திரத்து நிரல்களுக்கென்று தனி மோட் இருந்தது. டி காஸ்ட்ரோ அந்த வழியை அடைத்துவிட்டார். ஸ்டீவ் வாலக் என்ற வடிவமைப்பாளர் மண்டையை உடைத்துக்கொண்டு, பழைய கட்டளைகளைப் புதியவற்றோடு ஒரே தொகுப்பாகப் பின்னினார். 1980-ல் வெளிவந்த எம்வி/8000-இல் இரண்டும் எந்தச் சுவிட்சும் இல்லாமல் ஓடின.

பல தடவை படித்த புத்தகம்தான். அந்த நிபந்தனையைத் தலைவரின் வீம்பு என்றே படித்துவந்தேன். டீச்சரின் பயாஸைப் பார்த்த பிறகு அப்படிப் படிக்க முடியவில்லை. மோட் வைப்பவன் தன் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு மீதியை வாங்குபவன் தலையில் கட்டுகிறான்.

சாட்டா டிஸ்குகளின் கதையையே பாருங்கள். இன்டெல் ஏஎச்சிஐ வரையறையை வெளியிட்டது 2004-ல். டிஸ்குக்குக் கொடுக்கிற கட்டளைகளை 32 வரை வரிசையில் நிறுத்தி, வசதியான ஒழுங்கில் முடிக்க வழிசெய்யும் நல்ல ஏற்பாடு. ஆனால் 2001-ல் வந்த எக்ஸ்பிக்கு அது தெரியாது. நிறுவும்போது எஃப்6-ஐ அழுத்தி ஃப்ளாப்பியில் டிரைவரைக் கொடுக்க வேண்டும். ஃப்ளாப்பி வாயே இல்லாத மடிக்கணினிகள் வரத் தொடங்கிய காலம் அது! ஆகவே புது டிஸ்கைப் பழைய ஐடிஇ டிஸ்காக நடிக்கவைக்கப் பயாஸில் ஒரு மோட். விஸ்டாவிலேயே ஏஎச்சிஐ டிரைவர் உள்ளுக்குள் வந்துவிட்டது. தேவை தீர்ந்த பிறகும் சுவிட்ச் பல ஆண்டுகள் பயாஸில் நின்றது.

ரெய்டு இன்னும் கூத்து. 1988-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையில் வந்த யோசனை அது: விலை குறைந்த சிறு டிஸ்குகள் பலவற்றைச் சேர்த்து, ஒன்று செத்தாலும் தரவு சாகாமல் பார்த்துக்கொள்வது. டீச்சரின் மடிக்கணினியில் இருப்பது ஒரே ஒரு டிஸ்க். இரண்டாவதற்கு இடமே கிடையாது. இருந்தும் கம்பெனி வைத்த முறை ரெய்டு! இன்டெல்லின் ரேப்பிட் ஸ்டோரேஜ் மென்பொருளும், பிறகு 2017-ல் வந்த ஆப்டேன் நினைவகமும் இந்த முறையை நம்பியிருந்தன. ஆப்டேனை 2022-ல் இன்டெல்லே மூடிவிட்டது. ஆனால் இன்டெல் சில்லுகளின் 11-ஆம் தலைமுறையிலிருந்து அதே முறை விஎம்டி என்று பெயர் மாறி வந்திருக்கிறது. புது மடிக்கணினியில் விண்டோஸ் நிறுவப் போனால் டிஸ்கே இல்லை என்று சொல்வது இதனால்தான். டிரைவரைப் பென்டிரைவில் கொடுக்க வேண்டும். எஃப்6 ஃப்ளாப்பிக்குப் பென்டிரைவ் வேஷம், வேறொன்றுமில்லை. உபுண்டுவின் நிறுவியோ ரேப்பிட் ஸ்டோரேஜை அணைத்துவிட்டு வா என்று நின்றுவிடும்.

மோட் பிட் கூடாது என்ற டேட்டா ஜெனரலை 1999-ல் இஎம்சி என்ற நிறுவனம் வாங்கிக்கொண்டது. கிளாரியான் என்ற அதன் ரெய்டு டிஸ்க் அடுக்குகள்தான் அதற்கு முக்கியக் காரணம். டாம் வெஸ்ட் 2011-ல் இறந்தார்.

இடம் தீர்ந்துகொண்டிருக்கிறது, உபயோகமாகச் சில. மடிக்கணினி நன்றாக இருக்கும்போதே பயாஸின் சாட்டா பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். மோடை மாற்றியே ஆக வேண்டும் என்றால், முதலில் எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் பூட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறுதொடக்கத்தின்போது பயாஸில் மாற்றுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழுந்து புதிய டிரைவரைப் பிடித்துக்கொள்ளும், பிறகு அந்தக் குறியை எடுத்துவிடலாம். பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்று அதற்கு முன்பே பாருங்கள். இருந்தால், பயாஸைத் தொட்டதும் அது 48 இலக்கச் சாவியைக் கேட்கக்கூடும். சாவி இல்லையென்றால் எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது, அப்போது ஃபார்மட் ஒன்றுதான் வழி. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்தத் தாளை மடிக்கணினிப் பைக்குள் மட்டும் வைக்காதீர்கள்.