சிக்னலில் நடுங்கும் கார்... பழியை இன்ஜின் மேல் போடாதீர்கள்!

சிக்னலில் நிற்கிறீர்கள். ஏசி ஓடுகிறது. ஸ்டீயரிங் கிடுகிடுவென நடுங்குகிறது. கண்ணாடியில் பின்னால் நிற்கும் பஸ் இரண்டாகத் தெரிகிறது. வண்டி கிளம்பியதும் எல்லாம் சரியாகிவிடுகிறது. உங்கள் காரும் இப்படித்தானா? வொர்க்‌ஷாப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரின் 11 வயது பெட்ரோல் காருக்கும் இதே பிரச்னைதான். ஸ்பார்க் பிளக்கை மாற்றினார்கள், த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தார்கள். நடுக்கம் நிற்கவில்லை. “இன்ஜினை இறக்கிப் பார்த்துடலாம் சார்” என்றார் மெக்கானிக். வந்த விலைக்குக் காரைத் தள்ளிவிடலாம் என்றே முடிவுசெய்துவிட்டார் அவர். இன்னொரு மெக்கானிக் பானெட்டைத் திறந்து ஐந்தே நிமிடத்தில் காரணத்தைக் காட்டினார். மவுன்டிங் ரப்பர் கிழிந்து, இரும்போடு இரும்பு இடித்துக்கொண்டிருந்தது.

மவுன்டிங் என்ன செய்கிறது?

இன்ஜினையும் கியர்பாக்ஸையும் காரின் பாடியோடு பிணைப்பவை மவுன்டிங்குகள். முன்சக்கர இழுவை கார்களில் பொதுவாக மூன்று அல்லது நான்கு இருக்கும். இன்ஜின் பக்கம் ஒன்று, கியர்பாக்ஸ் பக்கம் ஒன்று, இன்ஜின் முன்னும் பின்னும் ஆடாமல் பிடித்துக்கொள்ளக் கீழே ஒன்று. இரும்புக்கு நடுவே இருக்கும் ரப்பர்தான் அதிர்வை உள்வாங்குகிறது. சில கார்களில் ரப்பருக்குள் திரவமும் இருக்கும். வெப்பத்தில் ரப்பர் இறுகி வெடிக்கும். ஆயில் கசிந்து அதன்மேல் விழுந்தால் ஊறி இளகிவிடும்.

அறிகுறிகள்

* நிற்கும்போது நடுக்கம். ஏசி போட்டால் அதிகமாகும்.
* ஆட்டோமேட்டிக் காரில் ‘டி’யில் இருக்கும் நடுக்கம், ‘என்’னுக்கு மாற்றினால் குறையும்.
* முதல் கியரிலோ ரிவர்ஸிலோ கிளம்பும்போது ‘டொக்’ என்ற சத்தம்.
* இன்ஜினை அணைக்கும்போது வண்டியே ஒருமுறை குலுங்கும்.

ஓடும்போதும் இன்ஜின் விட்டுவிட்டு இழுத்து, செக் இன்ஜின் விளக்கும் எரிந்தால், முதலில் பிளக், காயில் பக்கம் பாருங்கள். மூன்று சிலிண்டர் கார்களில் கொஞ்சம் அதிர்வு இயல்பு. புதிதாகக் கூடியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

இன்ஜின் ஆறிய பிறகு பானெட்டைத் திறந்து டார்ச் அடியுங்கள். ரப்பரில் வெடிப்பு, இரும்பிலிருந்து ரப்பர் பிரிந்த இடைவெளி, கறுப்பாகத் திரவம் வழிந்த தடம் மூன்றையும் தேடுங்கள். கீழே இருக்கும் மவுன்டிங் மேலிருந்து தெரியாது. அதற்காக வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது. அது லிஃப்ட் உள்ள வொர்க்‌ஷாப் வேலை.

அடுத்த சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஃபுட் பிரேக்கை அழுத்தி மிதியுங்கள். முதல் கியர் போட்டு, கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். வண்டி இழுக்கத் தொடங்கியதும் உடனே மறுபடி மிதித்துவிடுங்கள். ரிவர்ஸிலும் ஒருமுறை செய்யுங்கள். ஆட்டோமேட்டிக்கில் பிரேக்கை விடாமல், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ‘டி’, ‘ஆர்’ மாற்றினால் போதும். இன்ஜின் லேசாக அசைவது இயல்பு. ஒரு பக்கம் எகிறித் தூக்கினாலோ, தடாலென்று இடித்தாலோ மவுன்டிங் போய்விட்டது.

பார்ப்பவர் பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும். காருக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் இருக்கக் கூடாது, குறிப்பாகக் குழந்தைகள். துப்பட்டா, முந்தானை, தளர்ந்த சட்டைக்கை எதுவும் ஃபேன், பெல்ட் அருகே போகக் கூடாது.

தள்ளிப்போட்டால்?

ஒரு மவுன்டிங் விட்டுவிட்டால் அதன் பாரமும் மற்றவற்றின் மேல் ஏறும். இன்ஜின் ஆட ஆட, ரேடியேட்டர் ஹோஸும் சைலன்ஸர் பைப்பும் இழுபடும். சிறிய செலவு பெரிய செலவாக மாறுவது இப்படித்தான். ஒன்றை மாற்றும்போது மற்றவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கிழிந்த பழைய மவுன்டிங்கைக் கேட்டு வாங்கிக் கண்ணால் பாருங்கள்.

ஆசிரியர் காரை விற்கவில்லை. ஒரே ஒரு மவுன்டிங்தான் மாற்றினார். இப்போது சிக்னலில் நின்றால், பின்னால் நிற்கும் பஸ் அவருக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது!